கசப்பும் ஒரு குவளையும்

பால்மரங்களும் செம்பனைகளும் நின்ற தோட்ட மண்ணில் எழுந்த நகரம் ஷா ஆலம். 1978ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் அது சிலாங்கூர் மாநிலத்தின் தலைநகராக அறிவிக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டில் மாநகர் என்னும் தகுதியையும் பெற்றது. நீல நிறக் கூம்பு மாடம் கொண்ட பெரும் பள்ளிவாசல் அதன் அடையாளம். அந்நகரின் 15ஆம் பிரிவில், 1972ஆம் ஆண்டு முதல் கார்ல்ஸ்பெர்க் நிறுவனத்தின் மதுவடிப்பு ஆலை இயங்கி வருகிறது. பீர் வடிக்கப்படும் ஊர்தான். ஆயினும், அவ்வூரின் பெரும்பாலான பகுதிகளில் பீர் விற்கும் கடையைக் கண்டுபிடிப்பது எளிதன்று. குடியிருப்போருள் பெரும்பான்மையினர் முஸ்லிம்கள். 2009ஆம் ஆண்டில், அங்குள்ள சிறு கடைகளில் பீர் விற்கலாமா கூடாதா என்பது மாநில அரசியலையே சூடாக்கிய சர்ச்சையாயிற்று.

இந்த நகரின் தொழிற்பேட்டையில் முப்பது ஆண்டுகள் கிடங்கு மேற்பார்வையாளராகப் பணியாற்றியவர் ஒருவர். பெயர் இங்கு வேண்டுவதில்லை. அவரைப் போன்றவர் ஒவ்வொரு தாமானிலும் ஒருவரேனும் உண்டு. அவருக்குப் பீர் பிடிக்காது. அதன் கசப்பும் பிடிக்காது. அடித் தொண்டையில் தங்கும் புளித்த வாடையும் பிடிக்காது. எனினும், தம் வாழ்நாளில் பாதியை அவர் பீர் குடித்தே கழித்தார். பிடிக்காத ஒன்றை ஒரு மனிதர் ஏன் முப்பது ஆண்டுகள் குடிக்கவேண்டும்? வினா எளியது, விடை அத்துணை எளியதன்று.

அவர் தோட்டத்தில் பிறந்தவர். சம்பள நாள் மாலையில் தந்தையார் கள்ளுக்கடை வரிசையில் நிற்பதைப் பார்த்து வளர்ந்தவர். மலாயாத் தோட்டங்களில் கள்ளுக்கடை தற்செயலாக முளைத்ததன்று. உழைத்துக் களைத்தவனின் கூலி, அவன் வரிசை வீட்டை அடையும் முன்பே கரைவதற்கு அது வசதியான வாய்க்காலாய் அமைந்தது. இதனை அக்காலத் தொழிலாளர் நன்கு உணர்ந்திருந்தனர். 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத்தில் ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்று நடத்திய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள், கூலி உயர்வோடு தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூடுவதும் ஒன்றாக இருந்தது. வயிற்றுக்காகப் போராடியவர்கள் மதுவுக்கு எதிராகவும் போராடினர் என்பது நம் சமுதாயம் மறக்கலாகாத செய்தி.

இத்தகைய பின்னணியில் வளர்ந்தவருக்கு மதுவின்மேல் வெறுப்பு இருந்ததில் வியப்பில்லை. வியப்பு வேறொன்றில் இருக்கிறது. நகரத்து வேலைக்கு வந்தபின், கள்ளை வெறுத்த அதே மனிதர் பீர்க் குவளையை மறுக்கத் துணியவில்லை. மேலதிகாரி மாற்றலாகிப் போகும் விருந்து, உடன் பணியாற்றும் சீன நண்பரின் திருமணம், தீபாவளிக்கு வந்த உறவினர் கூட்டம் என ஒவ்வோரிடத்திலும் குவளை நீட்டப்பட்டது. “ஒரு கிளாஸ்தானே, அண்ணே” என்ற குரலுக்கு முன் அவர் நாணினார். மறுத்தால் கஞ்சன் என்பர், பெருமைக்காரன் என்பர், மனைவிக்கு அஞ்சியவன் என்பர். ஆகவே, மருந்து குடிப்பவரைப் போல் மூச்சடக்கிக் குடித்தார். விரைவில் குடித்து முடித்தால் துன்பம் விரைவில் தீரும் என்பது அவர் கணக்கு. ஆனால், காலியான குவளை மீண்டும் நிரப்பப்படும் என்பது விருந்தின் கணக்கு. இவ்விரு கணக்குகளுக்கும் இடையே எத்தனையோ இரவுகள் அவர் தள்ளாடி வீடு திரும்பினார். சுவைக்காமல் குடிப்பவருக்கு அளவு தெரிவதில்லை என்ற உண்மை அவர் வாழ்விலேயே மெய்ப்பட்டது.

பீரின் கசப்பு எங்கிருந்து வருகிறது? முளைவிட்ட வாற்கோதுமையை உலர்த்தி, அரைத்து, வெந்நீரில் ஊறவைத்து வடித்த இனிப்புச் சாறே பீரின் தாய்ச் சாறு. அதனோடு ஹாப்ஸ் என்னும் கொடியின் பூவைச் சேர்த்துக் கொதிக்க வைப்பர். பூவிலுள்ள சில அமிலங்கள் அக்கொதியில் உருமாறிக் கசப்பைத் தருகின்றன. அக்கசப்பு இனிப்பைச் சமன் செய்கிறது. பீர் கெடாமல் காக்கவும் உதவுகிறது. பின்னர் ஈஸ்ட் சேர்ந்து, இனிப்பைச் சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது.

அக்கசப்பு எல்லா நாவிலும் ஒரே வகையாக விழுவதில்லை. மனிதர் நாவில் கசப்பை அறியும் ஏற்பிகள் ஏறத்தாழ 25 வகை உள்ளன. அவற்றின் கூர்மை ஆளுக்கு ஆள் வேறுபடும். 1931ஆம் ஆண்டில் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற அமெரிக்க வேதியியலாளரின் ஆய்வுக்கூடத்தில் ஒரு தூள் காற்றில் பறந்தது. உடனிருந்தவர் கசக்கிறது என்றார். ஃபாக்ஸுக்கோ ஒன்றும் தெரியவில்லை. அந்தச் சிறு நிகழ்ச்சியிலிருந்துதான், கசப்பை உணரும் திறன் பிறப்பிலேயே வேறுபடுகிறது என்ற ஆராய்ச்சி வளர்ந்தது. பாகற்காயை ஒருவர் விரும்பி உண்ண, அடுத்தவர் இலையின் ஓரத்தில் ஒதுக்குவதைக் காணும் நமக்கு இது புதுமையன்று. பீர் பிடிக்கவில்லை என்பவர் வீரம் குறைந்தவர் அல்லர். அவர் நாவின் அமைப்பு வேறு, அவ்வளவே.

கசப்போடு வேறு குறைகளும் சேர்வதுண்டு. பீர் வெயிலில் நின்றால் ஒளிபட்டு ஹாப்ஸின் கூறுகள் சிதைந்து துர்நாற்றம் பிறக்கும். பழுப்புப் புட்டி இதனைப் பெரிதும் தடுக்கும், பச்சைப் புட்டி அந்த அளவு தடுப்பதில்லை. வெப்பமான கிடங்கில் நெடுநாள் கிடந்தால் நனைந்த அட்டையின் வாடை ஏறும். நம் நாட்டுக் காப்பிக் கடைகளில் குவளைக்குள் பனிக்கட்டியைப் போட்டுக் குடிக்கும் பழக்கமும் உண்டு. அது வெம்மையைத் தணிக்கும். கூடவே பானத்தை நீராக்கி மணத்தையும் மழுங்கச் செய்யும். நம் மேற்பார்வையாளர் அறிந்த பீரெல்லாம் பெரும்பாலும் இந்நிலையில் இருந்தவையே.

வாழ்வின் திருப்பங்கள் சிலவேளை ஒரு சிறு வினாவில் ஒளிந்திருக்கும். ஓர் ஞாயிற்றுக்கிழமை மாலை, பெட்டாலிங் ஜெயாவில் ஓர் உணவகத்தில் குடும்பத்தார் கூடியிருந்தனர். முகத்தைச் சுளித்தபடி அவர் குவளையைத் தூக்குவதைக் கண்ட மருமகன், “புடிக்கலன்னா எதுக்கு மாமா குடிக்கிறீங்க?” என்று கேட்டான். கேலி இல்லாத கேள்வி அது. முப்பது ஆண்டுகளில் எவரும் அவரை அப்படிக் கேட்டதில்லை. அவர் விடை தேடித் திகைத்தார்.

“பீரில் பல வகை உண்டு, மாமா. நீங்கள் ஒரே குடும்பத்தைத்தான் பார்த்திருக்கிறீர்கள்” என்ற பொருள்பட அவன் விளக்கினான். அவன் கூற்று சரியே. 1842ஆம் ஆண்டில் பொஹீமியாவின் பில்சன் நகரில் யோசப் குரோல் வடித்த பொன்னிறப் பீர் உலகெங்கும் பின்பற்றப்பட்டது. 1883ஆம் ஆண்டில் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் எமில் ஹான்சன் ஒற்றை ஈஸ்ட் அணுவிலிருந்து தூய வளர்ப்பைப் பிரித்தெடுத்தார். அதன் பயனாக, ஒரே சுவையை எந்நாட்டிலும் மாறாமல் படைக்கும் வழி திறந்தது. லாகர் என்னும் அந்தக் குடும்பமே இன்று உலகச் சந்தையை ஆள்கிறது. முத்திரை பல, சுவையோ அண்ணன் தம்பி போன்றது. ஒருவரைப் பிடிக்காதவருக்கு மற்றவரையும் பிடிக்காமற் போவது இயல்பன்றோ?

அதன்பின் அவர் சில மாதங்கள், வாய்ப்புக் கிடைத்தபோதெல்லாம் ஒரு வகையில் ஒரு வாய் என்று சுவைத்துப் பார்த்தார். முதலில் கறுப்பு ஸ்டவுட். 1960களிலிருந்து சுங்கைவேயில் வடிக்கப்படும் கின்னஸ், நம் மூத்த தலைமுறையினரால் சத்துப் பானமாகவே போற்றப்பட்டது; பிள்ளை பெற்றவளுக்கும் அதைக் கொடுத்தோர் உண்டு. அது நம்பிக்கையேயன்றி மருத்துவம் அன்று. கருக வறுத்த வாற்கோதுமையின் சுவை, தீய்ந்த காப்பியை அவருக்கு நினைவூட்டியது. ஹாப்ஸ் மிகுந்த மேனாட்டு வகையொன்று வேப்பங்கொழுந்தை மென்றாற்போல் இருந்தது. இரண்டையும் அவர் தயங்காமல் வைத்துவிட்டார். தயங்காமல் வைத்ததே அவருக்குப் புதிய அனுபவம்.

இறுதியில் வந்தது பெல்ஜிய நாட்டு வெள்ளைப் பீர். கோதுமையில் வடித்தது, கலங்கிய இளமஞ்சள் நிறம், கசப்பு மிகக் குறைவு. ஹூகார்டன் என்னும் சிற்றூரில் பல நூற்றாண்டு வழங்கிய அவ்வகை, 1957ஆம் ஆண்டில் அங்கிருந்த கடைசி ஆலையும் மூடப்பட்டதால் வழக்கொழிந்தது. 1960களில் பியர் செலிஸ் என்ற பால்காரர் தம் நினைவிலிருந்த சுவையை நம்பி அதனை மீட்டெடுத்தார். அதில் ஹாப்ஸோடு சேரும் மணப்பொருள்கள் இரண்டு: காய்ந்த ஆரஞ்சுத் தோலும் கொத்தமல்லி விதையும்!

அவர் ஒரு மிடறு அருந்தினார். குவளையைக் கீழே வைத்துவிட்டு மீண்டும் முகர்ந்தார். கொத்தமல்லி என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை, நாவுதான் சொல்லிற்று. வரிசை வீட்டுச் சமையற்கட்டில், அம்மா அம்மியில் மல்லியைத் தட்டும் மணம் அது. பீரைக் குடித்து முதன்முறையாக அவர் முகம் சுளிக்கவில்லை. அந்த ஒரு குவளையை முக்கால் மணி நேரம் குடித்தார். இரண்டாவது வேண்டுமா என்று கேட்டபோது, போதும் என்றார். போதும் என்ற சொல் அவர் வாயிலிருந்து அத்துணை எளிதாக வந்தது அதுவே முதன்முறை.

அடுத்து வந்த திருமண விருந்தில், வழக்கம்போல் குவளை நீட்டப்பட்டது. “எனக்கு இது பிடிக்காது, தம்பி, தண்ணீர் போதும்” என்றார் அவர். எவரும் அவரைக் கஞ்சன் என்னவில்லை. முப்பது ஆண்டுகளாக அவர் அஞ்சிய இடி இடிக்கவேயில்லை. இன்று அவர் இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை, காரோட்டும் பொறுப்பு இல்லாத நாளில், அந்த வெள்ளைப் பீர் ஒரு குவளை அருந்துகிறார். மற்றவற்றைத் தொடுவதில்லை. “இவர் ஒன்றைப் பிடித்துக்கொண்டார், பத்து விட்டுப்போயின” என்று அவர் மனைவியார் அமைதியாகச் சொல்வதுண்டு.

இது மதுவுக்குப் பரிந்துரையா என்று கேட்கலாம். அன்று. திருக்குறளின் 93ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமை. அதன் தீர்ப்பு இன்றும் மாறவில்லை. மது புற்றுநோயை விளைவிக்கும் என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1988ஆம் ஆண்டிலேயே வகைப்படுத்தியது. பாதுகாப்பான அளவு என்று ஒன்றில்லை என உலகச் சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டில் தெளிவுபடுத்தியது. 2018ஆம் ஆண்டு செப்டம்பரில், மெத்தனால் கலந்த மலிவு மது கிள்ளான் பள்ளத்தாக்கிலும் சுற்றுவட்டாரத்திலும் பல உயிர்களைக் குடித்தது. போதை ஒன்றையே நாடுபவனுக்குப் புட்டியில் என்ன இருக்கிறது என்ற கேள்வி எழுவதில்லை. கேள்வி எழாத இடத்தில்தான் நஞ்சு எளிதில் நுழைகிறது. குடிக்காதிருப்பவரே யாவரினும் நல்லவர்; அதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை.

ஆயினும், குடிப்போருள் பலர் விரும்பிக் குடிப்பவர் அல்லர் என்பதை நம் சமுதாயம் எண்ணிப் பார்ப்பதில்லை. அவர்கள் அடுத்தவர் முகத்திற்காகக் குடிக்கிறார்கள். தோட்டத்து வரிசையில் நின்ற தந்தையும் நகரத்து விருந்தில் நின்ற மகனும் ஒரே தளையில் கட்டுண்டவர்களே. கள் பீராயிற்று, அடிமைத்தனம் மாறவில்லை. பிள்ளைகளுக்குக் ‘குடிக்காதே’ என்று மட்டும் கற்பிக்கிறோம். ‘பிடிக்கவில்லை’ என்று சபையில் அச்சமின்றிச் சொல்லவும் கற்பிக்கிறோமா? தன் நாவின் விருப்பையும் வெறுப்பையும் உண்மையாக அறிந்த ஒருவர், அந்த அறிவைக்கொண்டே ஓர் எல்லையை வகுத்துக்கொள்கிறார். அந்த எல்லைக்குள் அவரை ஆள வேறு எவருக்கும் உரிமையில்லை.