எம்.ஓ. 1: ஒரு கோல்ட் நேவி

பழைய ரிவால்வர் சேர்ப்பவர்களிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு. மெருகு போடக் கூடாது, உதிரிபாகம் மாற்றக் கூடாது, செய்து வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும். அமெரிக்காவின் 1968ஆம் வருடச் சட்டம், 1898க்குள் செய்த துப்பாக்கியைப் பழம்பொருள் என்று ஒதுக்கிவிடுகிறது. நம் 1959ஆம் வருட ஆயுதச் சட்டம் பிறந்த தேதி பார்ப்பதில்லை. 45ஆவது பிரிவில் பழம்பொருளுக்கு ஒரு விலக்கு இருக்கிறது. ஆனால் கூடவே ஒரு வாலும் இருக்கிறது: பழுது பார்த்தாலும் சுட முடியாததாக இருக்க வேண்டும். சேகரிப்பவர் எதைச் சொல்லிப் பெருமைப்படுவாரோ, கோர்ட்டில் அதுவே அவரை மாட்டிவிடும்.

தரமணிக்காரர் ஒருவருக்கு அதுதான் நடந்தது. 2016இல் புதிய ஆயுத விதிகள் வருவதற்கு முந்தைய வழக்கு. ஓய்வுபெற்ற மில் இன்ஜினீயர். வீட்டில் திருட்டு என்று புகார் கொடுத்ததே அவர்தான். உடைத்த பீரோவைப் பார்க்க வந்த எஸ்.ஐ. கீழ்த்தட்டில் இருந்த மரப்பெட்டியைத் திறந்தார். போன நகை கடைசிவரை கிடைக்கவில்லை. பெட்டிக்கு மட்டும் தனியாக எஃப்.ஐ.ஆர். போட்டு, உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்ததாகக் குற்றப்பத்திரிகை வந்தது. அன்றைய சட்டப்படி குறைந்தது ஓராண்டு, அதிகபட்சம் 3 ஆண்டு சிறை.

பெட்டியில் இருந்தது 1851 மாடல் கோல்ட் நேவி. ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தபோது அவருடைய அப்பா வாங்கியதாம். சாமுவேல் கோல்ட் 1853இல் லண்டனில் தொழிற்சாலை திறந்து, சில ஆண்டுகளிலேயே மூடிவிட்டார். கிரிமியப் போருக்காகப் பிரிட்டிஷ் அரசு அங்கிருந்து ஆயிரக்கணக்கில் வாங்கியது. அந்த லண்டன் முகவரி குழல் மேல் பொறித்த துப்பாக்கி இது. ஆறு அறைகள் கொண்ட உருளையைச் சுற்றி ஒரு கடற்போர்க் காட்சி, டெக்சாஸ் கப்பல்களும் மெக்சிகோ கப்பல்களும் மோதுவது. துடைக்கத் துடைக்கத் தேய்ந்துபோகிற அளவுக்கு மெல்லிய பொறிப்பு. என் கட்சிக்காரரிடம் இருந்ததில் பாய்மரக் கயிறுகூடத் தெரிந்தது. குழல், சட்டம், விசைக்காப்பு, உருளை எல்லாவற்றிலும் ஒரே எண். இதையெல்லாம் ஒரு நோட்டில் முத்து முத்தாக எழுதிவைத்திருந்தார், ‘இயக்கம் கச்சிதம்’ என்ற வரி உட்பட. போலீஸ் அந்த நோட்டையும் மகஜரில் சேர்த்துவிட்டது!

சைதாப்பேட்டை கோர்ட்டில் துப்பாக்கி எம்.ஓ. 1, அதாவது முதல் சான்றுப்பொருள் ஆனது. நான் நம்பிக்கொண்டிருந்த வாதம் இது: இதற்குத் தோட்டா கிடையாது. அறை அறையாகக் கரிமருந்து போட்டு, ஈயக்குண்டை அழுத்தி, பின்னால் கேப்பு மாட்ட வேண்டும். இந்தக் காலத்தில் யார் அதைச் செய்வார்கள்? தடயவியல் நிபுணரைக் குறுக்கு விசாரணையில் கேட்டேன். அவர் அசரவில்லை. “நரிக்குறவர்கள் கொக்கு சுடுற நாட்டுத் துப்பாக்கியும் கரிமருந்து, கேப்புதானே சார்? அது கிடைக்குதுன்னா இதுவும் சுடும். சுட்டுப் பார்த்தோம், சுட்டுது.” மாஜிஸ்திரேட் என்னைப் பார்த்த பார்வையில், 45ஆவது பிரிவை அத்தோடு மூட்டை கட்டினேன்.

காப்பாற்றியது தேதி. இந்தக் குற்றத்துக்கு வழக்குத் தொடர, 39ஆவது பிரிவுப்படி மாவட்ட மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி வேண்டும். அனுமதி ஆணை கோப்பில் இருந்தது. ஆனால் அது நிபுணர் அறிக்கைக்கு மூன்று வாரம் முந்தியது. சுடுமா சுடாதா என்பதே தெரியாத பொருளுக்கு, மனதைச் செலுத்தி அனுமதி கொடுத்ததாக எப்படிச் சொல்வது? விடுதலை.

துப்பாக்கி மட்டும் வீடு திரும்பவில்லை. உரிமம் காட்டினால்தான் தருவோம் என்றது கோர்ட். குழலில் துளை போட்டு, கேப்பு மாட்டும் முனைகளை வெல்டு வைத்து அடைத்துவிட்டால் விலக்குக் கேட்டுப் பார்க்கலாம் என்று யோசனை சொன்னேன். மனிதர் என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. கடைசியில் பழைய உரிமப் படிவமே கை கொடுத்தது. விளையாட்டு, தற்காப்பு என்பவற்றோடு ‘காட்சிக்கு’ என்றும் ஒரு நோக்கம் அதில் அச்சாகியிருந்தது. தோட்டா, மருந்து எதுவும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து வாங்கினோம்.

பிராப்பர்ட்டி ரூமிலிருந்து வந்த பொட்டலத்தை என் அலுவலகத்தில்தான் பிரித்தார். குழலின் பக்கவாட்டில் வெள்ளைப் பெயிண்டில் குற்ற எண். அதைக்கூட அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டார்ச் அடித்து உருளைக்குள் பார்த்தார். கரிமருந்துப் புகைக்கரி ஈரத்தை இழுக்கும். சுட்டதும் வெந்நீரில் கழுவாவிட்டால் இரும்பைத் தின்றுவிடும். இங்கே கழுவியதாகத் தெரியவில்லை. வழக்கு நடந்த காலமெல்லாம் அப்படியே கிடந்திருக்கிறது.

நஷ்டஈடு கேட்கலாமா என்று நான் வாயெடுப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

“வக்கீல் சார், ரிப்போர்ட்ல எத்தனை ரவுண்டு சுட்டதா போட்டிருக்கு?”

“ஒண்ணு.”

“அப்ப மிச்சம் அஞ்சு அறை ஒரிஜினல்தான்” என்று சொல்லிவிட்டு, என் கோப்பிலிருந்து அந்த நோட்டை வாங்கி, திருத்த ஒரு பேனா கேட்டார்.