எந்த மூலையில் அமைதி?

அமைதி வேண்டாதார் யார்? பகலெல்லாம் வகுப்பறையிலே ஐம்பது குரல்களுக்கிடையே நின்று, மாலையிலே மதுரைப் பேருந்தின் நெரிசலிலே நசுங்கி, வெயிலில் வெந்து வீடு திரும்புபவனுக்கு எழும் ஒரே விருப்பம் அதுதான். நமக்கும் எழுந்தது. ஆனால் மேலூர்ச் சாலையை ஒட்டிய சிற்றூரில் இருக்கும் நம் வீட்டிலே அது கிடைக்கவில்லை. பாத்திரம் உருளும் ஓசை, தந்தையாரின் அதட்டல், தம்பியின் முணுமுணுப்பு, அன்னையின் அலுப்பு. நால்வர் வாழும் வீடு, நாற்பது பேர் கூடிய சந்தையாயிற்று!

"மனையிலே கோளாறு" என்றார் மாமா. மறுவாரமே மனையடி சாத்திரக்காரர் ஒருவர் வந்தார். திசைகாட்டியைத் தரையிலே வைத்தார், விரல்விட்டு எண்ணினார், தீர்ப்புக் கூறினார். சமையற்கட்டு ஈசானிய மூலையில் இருக்கிறதாம்! அதை இடித்து அக்கினி மூலைக்கு மாற்றினால் வீட்டிலே அமைதி தவழுமாம்! செலவு ஒன்றரை இலட்சம்.

நாம் விடுவோமா? வாதாடினோம். "வீட்டுக்குத் திசை உண்டு, மறுக்கவில்லை. மேற்குச் சுவர் பிற்பகல் வெயிலைக் குடித்து இரவிலே அனலைக் கக்குகிறது. அங்கே ஒரு வேம்பு நட்டால் தணியும். சாளரத்துக்கு எதிரே சாளரம் வைத்தால் காற்று ஓடும், புகை வெளியேறும். இது அறிவு. ஆனால் மூலைக்குக் கோபம் உண்டு, குணம் உண்டு, குடும்பத்தைக் குலைக்கும் ஆற்றல் உண்டு என்பது எந்த அறிவு?" தந்தையார் வாயடைத்துப் போனார். வந்தவர் திசைகாட்டியைப் பைக்குள் போட்டுக்கொண்டார். வெற்றி நமதே என்று இலையின் முன் அமர்ந்தோம்.

சோறு பரிமாறிக்கொண்டிருந்த அன்னை, யாரையும் பாராமல் ஒன்று சொன்னார்: "எந்த மூலையில வச்சா என்னப்பா? அதுல நிக்கிறவ நான் ஒருத்திதானே?"

சாத்திரக்காரரை வீழ்த்திய நம் நாவுக்கு அந்த ஒரு வரிக்கு விடை தெரியவில்லை. உண்டது நெஞ்சிலே நின்றது.

அடுத்த ஞாயிறன்று ஒரு குறிப்பேட்டோடு அமர்ந்தோம். அன்னையின் ஒரு நாளை எழுதினோம். காலை 4.45: வாசல் பெருக்கல். 5.10: தண்ணீர் பிடித்தல். பிறகு அடுப்பு, துணி, பாத்திரம், மறுபடி அடுப்பு, மறுபடி பாத்திரம். இரவு 10.15: அடுப்படியைக் கழுவி விளக்கணைத்தல். இடையிலே அவர் உட்கார்ந்தது மூன்றே முறை. அதில் ஒருமுறை அரிசி புடைக்க! சந்தைக் கூச்சலின் ஊற்று எதுவென்று அன்று புரிந்தது. நால்வர் வாழும் வீட்டின் சுமையை ஒருத்தி சுமந்தாள், மற்ற மூவரும் அந்தச் சுமையின் மேலே ஏறி அமர்ந்து, "அமைதி எங்கே?" என்று கேட்டோம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 'பெண் ஏன் அடிமையானாள்?' என்ற பெரியாரின் நூலைப் பற்றி மதுரையிலே ஒரு மேடையில் முழங்கிவிட்டு வந்த இரவிலும், நாம் உண்ட தட்டைக் கழுவியது அன்னையின் கைதான்.

இது நம் வீட்டுக் கதை மட்டுமா? இந்திய அரசு 2019-இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் புரட்டினோம். வீட்டு வேலையில் ஈடுபடும் பெண், கூலியில்லாமல் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் உழைக்கிறாள். ஈடுபடும் ஆண் 97 நிமிடம். அப்படி ஈடுபடும் ஆண்களோ நூற்றுக்கு ஏறத்தாழ 26 பேர்தான்!

1929-இல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்துரிமை கேட்டது. அறுபது ஆண்டுகள் கழித்து, 1989-இல், தமிழ்நாட்டில் அது சட்டமாயிற்று. சுயமரியாதைத் திருமணம் 1967-இல் அண்ணாவின் ஆட்சியிலே சட்டத்தின் ஏற்பைப் பெற்றது. 2023-இல் குடும்பத் தலைவிக்கு மாதம் 1000 ரூபாய், 'உரிமைத் தொகை' என்ற பெயரோடு வந்தது. இரவு பத்து மணிக்குமேல் தெருவிலே அலறும் ஒலிபெருக்கியை அடக்கவும் 2000-ஆம் ஆண்டிலேயே விதி வந்துவிட்டது. ஆனால் அடுப்படிக்குள் எந்தச் சட்டம் நுழையும்? அங்கே நாம்தான் நுழைய வேண்டும்!

நுழைந்தோம். வாசலும் தண்ணீரும் நம் பங்கு; பாத்திரம் தம்பியின் பங்கு; ஞாயிறு சமையல் இருவருக்கும். முதல் ஞாயிறு சோறு குழைந்தது, குழம்பு கரித்தது. தெருவிலே சிரித்தார்கள். அன்னையே தடுத்தார்: "வேணாம்பா, பாக்குறவுக என்ன சொல்லுவாக?" ஆண்டாண்டுக் காலமாகப் பூட்டிய விலங்கு, பூட்டப்பட்டவருக்கே அணிகலனாகத் தோன்றும் கொடுமையை அன்று கண்டோம். தந்தையார் ஒரு திங்கள் வரை முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒருநாள், செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, ஒரு சொல்லும் சொல்லாமல் அரிவாள்மணையை இழுத்துப் போட்டு வெண்டைக்காய் நறுக்கத் தொடங்கினார். நாங்களும் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

சமையற்கட்டு அதே ஈசானிய மூலையில்தான் இருக்கிறது. எதிர்ச்சுவரில் ஒரு சாளரம் மட்டும் திறந்தோம். மேற்கே நட்ட வேம்பு இடுப்பளவு வளர்ந்திருக்கிறது. நிழலுக்கு இன்னும் சில ஆண்டு ஆகும். ஆனால் சென்ற திங்கள் ஒரு மாலை, பள்ளியிலிருந்து திரும்பியபோது, திண்ணையிலே அன்னை கைகளை மடியில் வைத்து அமர்ந்திருந்தார். பதறிப்போய், "உடம்புக்கு என்னம்மா?" என்றோம்.

"ஒண்ணுமில்லப்பா. சும்மா இருக்கேன்" என்றார்.

அவர் சும்மா இருந்து நாம் கண்ட முதல் மாலை அது. வீட்டிலே ஓசை இல்லை. நாம் தேடிய அமைதி, எட்டுத் திசையிலும் இல்லாத அமைதி, அந்தத் திண்ணையிலே இருந்தது.

தோழர்களே! பெண்விடுதலை பேச மேடையேறுங்கள், ஊர்தோறும் பேசுங்கள். ஆனால் புறப்படுமுன், உண்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு வாருங்கள்!