இசட் என்றொரு டிரைவ்

நான் கணக்கு எழுதப் போகும் ஆபீஸில் பில், வவுச்சர், சம்பளப் பட்டியல் எல்லாம் இருப்பது இசட் டிரைவில். அந்த இசட் யார் கம்ப்யூட்டரிலும் கிடையாது! மூலையில் உறுமிக்கொண்டிருக்கும் சர்வரில் உள்ள ஒரு ஃபோல்டருக்குச் செல்லப் பெயர். ஏ, பி அந்தக் காலத்து ஃப்ளாப்பிக்கு, சி ஹார்டு டிஸ்க்குக்கு. விருந்தாளிக்குக் கடைசி பெஞ்ச்.

'மேப் நெட்வொர்க் டிரைவ்' போய், 'ரீகனெக்ட் அட் சைன்-இன்' கட்டத்தில் டிக் அடித்தால் தினமும் தானாக வந்து உட்கார்ந்துவிடும். சில நாள் சிவப்புப் பெருக்கல் குறியோடு வரும். "சார், கணக்கு பூரா போச்சு!" என்று பதறுவார் புதுப் பையன். ஒண்ணும் போகலை தம்பி. வைஃபை எழுந்திருக்கும் முன்பே விண்டோஸ் கதவைத் தட்டியிருக்கும். பெரும்பாலும் ஒரு டபுள் கிளிக்கில் திறந்துவிடும். லினக்ஸ்காரர்கள் உஷார். எஃப்எஸ்டேப் ஃபைலில் 'நோஃபெயில்' என்று சேர்த்துவிடுவார்கள். சர்வர் தூங்கினாலும் கம்ப்யூட்டர் எழுந்துவிடும்.

பதற வேண்டிய இடம் வேறே. நமக்குக் கேட்காமலே திறக்கிற கதவு, திருடனுக்கும் திறக்கும். ரான்சம்வேர் புகுந்தால் சி-யோடு நிற்காது. நாம் எழுத உரிமையுள்ள இசட்டையும் பூட்டும். யாரோ ஒருத்தர் திறந்த மெயில், அத்தனை பேர் சம்பளக் கணக்கு! 2017 மே மாதம் வான்னாக்ரை பரவியதே, ஃபோல்டர் பகிர உதவும் எஸ்எம்பியின் பழைய பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான்.

காசு வைத்திருப்பவரே கணக்கும் எழுதக் கூடாது என்பது பி.காம் பாடம். இங்கேயும் அதே. முடிந்துபோன வருஷங்களுக்குப் படிக்க மட்டும் அனுமதி கொடுங்க. வாரம் ஒரு காப்பி எடுத்து, டிஸ்க்கைக் கழற்றி பீரோவில் வையுங்க. எந்த எழுத்தும் ஒட்டாத அந்த டிஸ்க்கின் அருமை மார்ச் 31 ராத்திரி தெரியும்.