புசல்லாவையில் ஒரு பகல்

கண்டியிலிருந்து நுவரெலியாவுக்குச் செல்லும் பெருந்தெரு, கம்பளையைக் கடந்ததும் மலையேறத் தொடங்குகிறது. எண்பது வயதைக் கடந்த எம் அன்னையாருக்குச் சீதா எலியா அம்மனைத் தரிசிக்க வேண்டுமென்பது நெடுநாளாசை. ஆகவே யாழ்ப்பாணத்திலிருந்து வாடகை வான் ஒன்றிற் புறப்பட்டுக் கண்டியில் இராத் தங்கி, மறுநாட் காலை அவ்வழியே சென்றோம். வானின் சொந்தக்காரரே சாரதி. தவணைப் பணம் இன்னும் கட்டி முடியாத, ஓட்டோ கியர் பூட்டிய பழைய ஜப்பானிய வண்டி அது.

புசல்லாவையை அண்மித்தபோது என்ஜின் உரக்க முழங்கிற்று, வண்டியோ ஊர்ந்தது. செங்குத்தான வளைவுகளில் மாத்திரமே இவ்வாறாயிற்று. சமதரையில் ஒரு குறையுமில்லை. தேநீர்க் கடையொன்றின் முன்னே நிறுத்திவிட்டுச் சாரதி கண்டியிலுள்ள ஒரு கராஜுடன் தொலைபேசியிற் பேசினார். "கியர்ப் பெட்டி முடிந்துவிட்டது, வேறு பூட்ட வேண்டும், கயிறு கட்டி இழுத்து வாருங்கள்" என்று விடை வந்தது. அவர்கள் கூறிய தொகையைக் கேட்டதும் அவர் தெருவோரத்திலே குந்திவிட்டார். ஓராண்டு உழைப்பு அது. அன்னையாரோ கோயிலை மறந்து, "இந்தப் பிள்ளை இனி என்ன செய்யும்?" என்று எம்மைக் கேட்டபடியிருந்தார்.

கடைக்காரர் ஆளனுப்பி, தோட்டத்து லொறிகளைத் திருத்திப் பழகிய முதியவர் ஒருவரை அழைப்பித்தார். அவருடைய முதல் வார்த்தையே, "இழுக்கக் கூடாது தம்பி" என்பதாகும். என்ஜின் ஓடினாற்றான் பெட்டிக்குள் எண்ணெய்ப் பம்பி சுழலும். என்ஜினை நிறுத்திப் பின்சில்லுகள் உருள இழுத்தால், எண்ணெய் பாயாமல் நல்ல பெட்டியும் கெட்டுப்போகும் என்றார்.

பின்னர் சமதரையில், சூடேறிய என்ஜினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டு கியர்க் கைபிடியை எல்லா நிலைகளுக்கும் நகர்த்தி மீட்கச் செய்தார். அதன் பின்பே எண்ணெய் பார்க்கும் கம்பியை உருவினார். (என்ஜின் எண்ணெயை நிறுத்திவிட்டன்றோ பார்க்கிறோம்! இந்தப் பாடம் எமக்குப் புதிது.) எண்ணெய், கீழ்க் குறிக்கும் கீழே நின்றது. ஒரு துளியை வெள்ளைத் துணியிலே தேய்த்து முகர்ந்தார். கறுத்துக் கருகல் நாற்றம் வீசினால் உள்ளேயுள்ள கிளச்சுத் தட்டுகள் எரிந்துவிட்டன என்று கொள்ளலாமாம். துணியிலோ நிறம் சிவப்பாகவேயிருந்தது.

"அண்ணை, பெட்டி தப்பிச்சுதோ?" என்றார் சாரதி.

"பெட்டிக்கு ஒண்ணுமில்ல தம்பி. தண்ணி குடுக்காம மலை ஏறச் சொன்னா யாருதான் ஏறுவான்?"

வண்டி மூக்கை உயர்த்தும்போது, குறைந்துபோன எண்ணெய் தட்டின் பின்புறம் ஓடிவிடும். பம்பி காற்றை உறிஞ்சும். அழுத்தம் விழுந்து தட்டுகள் பிடியாமல் வழுக்கும். ஏற்றத்தில் மட்டும் நோய் தோன்றிய காரணம் அதுவே. பின்பு வண்டியின் கீழே படுத்துப் பார்த்து, ரேடியேற்றர்ப் பக்கமுள்ள குளிராக்கிக்கு எண்ணெய் கொண்டுசெல்லும் இறப்பர்க் குழாயொன்று முற்றி வெடித்திருப்பதைக் காட்டினார்.

புதுக்குழாயும் உரிய எண்ணெயும் வாங்கக் கடைப் பையன் கம்பளைக்கு பஸ் ஏறினான். காத்திருந்த வேளையில் அயலிலுள்ள ரொத்சைல்ட் தோட்டத்தின் பக்கம் நடந்தோம். ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் 1867 இல் தேயிலை பயிரிட்டதை மாணவர் அறிவர். அதற்கு முன்னரே, 1841 இல், வோர்ம்ஸ் என்பவர் சீனத்துத் தேயிலைச் செடிகளை நட்டுப் பார்த்த மண் இதுவென்பதைப் பாடப்புத்தகம் நமக்கு அழுத்திச் சொல்வதில்லை. திரும்பி வந்தபோது அன்னையார், கடைக்கார அம்மாவுடன் ஊர்க்கதை பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

குழாய் மாற்றி, இரு முனைகளிலும் கிளிப் இறுக்கி, எண்ணெயைச் சிறிது சிறிதாக ஊற்றி ஊற்றி அளந்தார் முதியவர். ஏறக்குறைய ஒன்றரை லீற்றர் பிடித்தது. கூலியாக அவர் கேட்டது சொற்பமே. ஊர் திரும்பியதும் தட்டைக் கழற்றி வடியை மாற்றுமாறும், அங்குள்ள காந்தத்தில் நரைத்த பசை இருந்தாற் பயமில்லை, இரும்புச் சிராய் இருந்தாற் கவனமென்றும் கூறினார். மலையில் ஓவர்டிரைவை நிறுத்தி ஓட்டும்படியும் சொல்லிவைத்தார்.

கொத்மலை நீர்த்தேக்கம் கீழே மின்ன, வான் முனகாமல் ஏறிற்று. 109 மீற்றர் உயரத்திலிருந்து விழும் இறம்பொடை அருவியருகே சாரதி இறங்கி, அருவியைப் பாராமற் குழாயைத் தடவிப் பார்த்தார். உலர்ந்திருந்தது.

மாலைப் பூசைக்குச் சென்றடைந்தோம். அன்னையார் அர்ச்சனையைச் சாரதியின் பெயருக்கே செய்விக்க விரும்பி நட்சத்திரத்தைக் கேட்டார். அது தமக்குத் தெரியாதென்றும், வானின் இலக்கத்தைச் சொல்லலாமோவென்றும் அவர் வினவினார்.