பாட்டு ஏற்றிய காலம்

புது ஐபாட் டச்சைப் பெட்டியிலிருந்து எடுத்து மேல்விளிம்புப் பொத்தானை அழுத்தினால் அது ஒரே ஒரு படத்தைத்தான் காட்டும். ஒரு ஒயரின் முனை, ஒரு அம்புக்குறி, அதற்கு மேலே ஐடியூன்ஸ் மென்பொருளின் சின்னம். கறுப்புத் திரையில் வேறு எதுவும் இருக்காது. கணினியில் செருகினால்தான் அது உயிர்பெறும். 2011 அக்டோபரில் ஐஓஎஸ் 5 வந்து அந்தக் கட்டாயத்தை நீக்கும்வரை இதுதான் நடைமுறை. இப்போது ஒரு கருவி வாங்கினால், கைக்கு வந்த சற்று நேரத்தில் நம் பழைய படங்கள், கடிதங்கள், தொலைபேசி எண்கள் எல்லாம் தாமாக வந்து உட்கார்ந்துகொள்கின்றன. அன்று அது காலியாக வந்தது. ஒரு பாட்டுகூட உள்ளே கிடையாது. எதை வைக்கலாம் என்று நாம் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். அந்தக் காலியான பெட்டிக்குத்தான் நான் இன்றும் ஏங்குகிறேன்.

என்னிடம் இருந்தது இரண்டாம் தலைமுறை, 2008 செப்டம்பரில் வெளிவந்தது, 8 ஜிபி. பெரியம்மா மகன் கலிபோர்னியாவிலிருந்து பொங்கலுக்கு வந்தபோது கொண்டுவந்து கொடுத்தார். அமெரிக்காவில் அதன் விலை 229 டாலர். முந்தைய வருஷம் வந்த முதல் ஐபாட் டச்சில் ஒலியைக் கூட்டிக் குறைக்கப் பக்கவாட்டில் பொத்தானே கிடையாது. இதில் இருந்தது, சின்னதாக ஒரு ஸ்பீக்கரும் இருந்தது. மூன்றரை அங்குலத் திரை, 115 கிராம் எடை, முகம் தெரியும் அளவுக்குப் பளபளக்கும் எஃகு முதுகு. அந்த முதுகில் கீறல் விழாமல் யாராலும் காப்பாற்ற முடிந்ததில்லை. முழு சார்ஜில் 36 மணி நேரம் பாடும் என்று அட்டையில் போட்டிருந்தார்கள்.

செருகியதும் ஐடியூன்ஸ் முதலில் கேட்பது, இதற்கு என்ன பெயர் வைக்கிறாய் என்று. நான் ஆங்கில எழுத்தில் 'வானொலி' என்று வைத்தேன். அதன் பிறகுதான் உண்மையான வேலை.

பாட்டுக்கு எங்கே போவது? ஐடியூன்ஸ் கடை இந்தியாவில் திறந்தது 2012 டிசம்பரில்தான். அதுவரை நமக்குக் கைவசம் இருந்தவை சிடிகளும் கேசட்டுகளும். எங்கள் வீட்டில் இரண்டு பிஸ்கட் டின் நிறையக் கேசட்டுகள் இருந்தன. பாதிக்கு மேல் கம்பெனி கேசட்டுகள் அல்ல. கடையில் கொடுத்துப் பதிந்தவை. அந்தக் கடைகளைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தெருமுனையில் ஏதாவதொரு மியூசிக்கல்ஸ், சுவர் முழுக்க இசைத்தட்டு உறைகள். வெள்ளைத்தாளில் பாட்டுகளின் பெயரை எழுதி, டிடிகே கேசட் ஒன்றையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வர வேண்டும். அறுபது நிமிடக் கேசட்டில் ஒரு பக்கத்துக்கு ஆறு அல்லது ஏழு பாட்டுதான் பிடிக்கும். ஏழாவது எதை எழுதுவது என்று அப்பாவும் அம்மாவும் சோற்றுத்தட்டின் முன்னால் பேசிக்கொண்டிருந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அந்தக் கேசட்டுகளைக் கணினிக்குள் கொண்டுவருவதில் குறுக்குவழியே இல்லை. டேப் ரிகார்டரின் ஹெட்போன் துளையிலிருந்து கணினியின் லைன்-இன் துளைக்கு ஒரு ஒயர், உள்ளே ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள். ஒரு மணி நேரக் கேசட் பதிய ஒரு மணி நேரம் ஆகும். ஓடுகிற நேரம் முழுக்கப் பக்கத்தில் இருந்தாக வேண்டும். நாடா சிக்கினால் நிறுத்த, ஒலி எகிறினால் குறைக்க. முடிந்ததும் திரையில் அலையலையாக ஓடும் கோட்டைப் பார்த்து, பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே கோடு தட்டையாகும் இடத்தில் வெட்ட வேண்டும். இப்படி வேலை செய்ததில் ஒவ்வொரு பாட்டின் முன்னிசையும் எத்தனை விநாடி, எந்த இடத்தில் தபேலா நுழைகிறது என்பது வரைக்கும் கண்ணுக்கே தெரிந்துவிட்டது. இன்று ஒரு பாட்டைத் தேடி எடுக்க ஆகும் நேரம் மிகக் குறைவு. அவ்வளவு குறைந்த நேரத்தில் ஒரு பாட்டோடு அப்படிப் பழக முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

வெட்டிய பிறகு பெயரிடுதல். இதை நான் எத்தனை இரவுகள் விரும்பிச் செய்திருக்கிறேன்! ஐடியூன்ஸில் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு படிவம் உண்டு. பாட்டின் பெயர், கலைஞர், ஆல்பம், இசையமைப்பாளர், வருஷம், வகை. ஒருவர் தானே எழுதித் தானே பாடி வெளியிடும் நாட்டில் போடப்பட்ட படிவம் அது. 'கலைஞர்' என்ற கட்டத்தில் நம் சினிமாப் பாட்டுக்கு யாரை எழுதுவது? பாடியவர் எஸ். ஜானகி என்று வைத்துக்கொள்வோம். ஆனால் நம் வீட்டில் யாரும் பாட்டை அப்படி மட்டும் தேடுவதில்லை. ராஜா பாட்டு, எம்.எஸ்.வி. பாட்டு, ரகுமான் பாட்டு என்றுதான் கேட்போம்; இல்லையென்றால் படத்தின் பெயரைச் சொல்வோம். நண்பர்களிடம் வாங்கிய கோப்புகளில் இளையராஜாவின் பெயர் மூன்று நான்கு விதமான ஆங்கில எழுத்துக்கூட்டலில் இருக்கும். ஐபாட் அவரை நான்கு ஆளாகவே நினைத்துக்கொண்டு நான்கு இடத்தில் வைக்கும். எல்லாவற்றையும் ஒரே எழுத்துக்கூட்டலுக்குக் கொண்டுவந்து அவரை ஒரே இடத்தில் சேர்த்தபோது வந்த நிறைவு சாதாரணமானதல்ல. எந்த யோசனையும் இல்லாமல் அந்தப் படிவத்தில் பொருந்திப் போனது 1986இல் அவர் வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பு. அதில் பாடகர் இல்லை, படம் இல்லை. எல்லாக் கட்டத்துக்கும் அவர் ஒருவர் பெயரே போதும்.

இப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா என் தோளுக்குப் பின்னால் நின்று, ஐபாடில் விரலால் தள்ளித் தள்ளிப் பெயர்ப் பட்டியலைப் பார்த்துக்கொண்டே வந்தார். விரலை எடுத்த பிறகும் பட்டியல் கொஞ்ச தூரம் தானாக ஓடி நிற்பது அவருக்குப் பிடித்திருந்தது. கடைசிவரை போய்விட்டுக் கேட்டார்:

"ஏம்மா, இதுல கண்ணதாசன் எங்க இருக்கார்?"

படிவத்தில் பாடலாசிரியருக்குக் கட்டமே இல்லை. டி.எம்.எஸ். இருக்கிறார், சுசீலா இருக்கிறார், விஸ்வநாதன் ராமமூர்த்தி இருக்கிறார்கள். வரிகளை எழுதியவர் இல்லை. அப்பாவைப் போன்றவர்களுக்கு அந்தப் பாட்டுகள் முதலில் கண்ணதாசனுடையவை, அப்புறம்தான் மற்றவர்களுடையவை. அன்றிரவே வழி கண்டுபிடித்தேன். 'குறிப்பு' என்ற கட்டத்தில் பாட்டுக்குப் பாட்டு எழுதியவர் பெயரை நிரப்பினேன். குறிப்பில் கண்ணதாசன் என்று இருக்கும் பாட்டுகளையெல்லாம் தானாகச் சேர்க்கும்படி ஒரு பிளேலிஸ்ட் அமைத்தேன். வாலி, பட்டுக்கோட்டையார், வைரமுத்து என்று ஒவ்வொருவருக்கும் ஒன்று. யார் எழுதியது என்று தெரியாத பாட்டுகளுக்கு அப்பாவிடம் கேட்பேன். அவருக்கும் சந்தேகம் வந்தால் மதுரையில் இருக்கும் சித்தப்பாவுக்கு போன் போகும். கண்ணதாசன் எழுதியது என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்த சில பாட்டுகள் வாலியுடையவை என்று அந்த நாட்களில்தான் தெரிந்தது. அப்பா நீண்ட நேரம் அதை ஏற்கவில்லை.

கர்நாடக இசைக்கு வேறு வகைத் தொல்லை. ஆலாபனை ஒரு டிராக், கிருதி அடுத்த டிராக் என்று சிடியில் வெட்டியிருப்பார்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு கணம் மௌனம் விழுந்தால் ராகம் அறுந்துபோகும். இடைவெளி இல்லாமல் தொடர்ந்து ஒலிக்கச் செய்யும் வசதி இருந்தது. அதைவிட, சிடியிலிருந்து ஏற்றும்போதே இரண்டையும் ஒன்றாக இணைத்து ஏற்றுவதே நல்லது. எம்.எஸ். பாடிய கிருதிக்கு இசையமைப்பாளர் கட்டத்தில் தியாகராஜர், வகை என்ற கட்டத்தில் ராகத்தின் பெயர். பிறகு ஐபாடில் வகைகளைத் திறந்தால் ராக், ஜாஸ் என்று வர வேண்டிய இடத்தில் கல்யாணி, காம்போதி, தோடி என்று வரிசையாக நிற்கும். அந்தத் திரையைப் பார்க்கும்போதெல்லாம் பெருமையாக இருக்கும்.

அட்டைப்படங்கள் இன்னொரு பொழுது. கருவியைப் பக்கவாட்டில் சாய்த்தால் ஆல்பம் உறைகள் வரிசையாக நின்று, விரல் தள்ளத் தள்ளப் புரளும். கவர் ஃப்ளோ என்பார்கள். தமிழ்ப் படங்களுக்கு அட்டைப்படம் தானாக வராது. அந்த இடத்தில் சாம்பல் நிறக் கட்டமும் ஒரு இசைக்குறியும்தான் தெரியும். கேசட் உறைகளை ஸ்கேன் செய்து ஒவ்வொன்றாக ஒட்டினேன். எண்பதுகளின் எக்கோ கம்பெனி உறைகளுக்கென்று ஒரு வண்ணம் உண்டு, கொஞ்சம் வெளிறிய மஞ்சளும் சிவப்பும். கண்ணாடித் திரையில் அவை பளிச்சென்று எழுந்து புரண்டபோது அம்மா வாங்கி, ஒவ்வொன்றாகப் பார்த்து, எந்தக் கேசட்டை எங்கே எப்போது வாங்கினோம் என்று சொல்லிக்கொண்டே போனாள்.

8 ஜிபி என்பது சுமார் 1,750 பாட்டு என்று ஆப்பிள் கம்பெனி சொன்னது. அது 128 கிலோபிட் தரத்தில். நான் 192இல் ஏற்றுவேன். ஐந்து நிமிடப் பாட்டு ஒன்று ஏழு எம்பிக்கு மேல் வரும். ஆக ஆயிரத்தையொட்டி நின்றுவிடும். ஐடியூன்ஸின் அடியில் ஒரு பட்டை இருக்கும், பாட்டு ஏற ஏற அதில் நீலம் வளரும். நீலம் வலது ஓரத்தை முட்டிய பிறகு ஒன்று உள்ளே போக வேண்டுமென்றால் ஒன்று வெளியே வர வேண்டும். அப்பாவும் அம்மாவும் ஏழாவது பாட்டுக்குச் செய்த விவாதத்தை நான் எனக்குள்ளேயே செய்துகொண்டேன். எந்தப் பாட்டு எத்தனை தடவை ஓடியது, கடைசியாக எப்போது ஓடியது என்று அது கணக்கு வைத்திருக்கும். அதைப் பார்த்து இறக்கலாம். ஆனால் கேட்டே பல மாதமான ஒரு பாட்டை, வெறுமனே உள்ளே இருக்கட்டும் என்று விட்டுவைப்பதும் உண்டு. அப்படி விட்டுவைத்த பாட்டுகளில்தான் என் மனசு அதிகம் இருந்தது.

கோயம்பேட்டிலிருந்து இரவுப் பேருந்தில் திருநெல்வேலிக்குப் போகும்போது அது முழுமையாக எனக்கு மட்டுமே உரியதாக இருக்கும். அது போன் அல்ல என்பதால் யாரும் அதில் அழைக்க முடியாது. வைஃபை இல்லாத இடத்தில் அதற்கு வெளியுலகத்தோடு எந்தத் தொடர்பும் கிடையாது. அந்தக் காலத்தில் பேருந்திலும் வைஃபை இல்லை, எங்கள் வீட்டிலும் இல்லை. விழுப்புரம் தாண்டி விளக்கணைத்த பிறகு, ஆயிரம் பாட்டும் நான் வைத்த வரிசையில் என்னோடு வரும். அடுத்த பாட்டு எது என்று அது எனக்குச் சொல்லாது, நான்தான் அதற்குச் சொல்வேன். இதை இன்றைய பிள்ளைகளிடம் விளக்கிச் சொன்னால், அதில் என்ன வசதி என்று கேட்கிறார்கள். வசதி என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஆனால் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் அந்தச் சின்ன இடைவெளியில், வரப்போவது என்ன என்று தெரிந்தே காத்திருப்பதில் ஒரு சுகம் இருந்தது. கேசட்டில் வளர்ந்தவர்களுக்கு இன்றும் ஒரு பாட்டு முடிந்ததும் காதுக்குள் அந்தக் கேசட்டின் அடுத்த பாட்டுதான் தொடங்கும். ஐபாட் டச் அந்தப் பழக்கத்தைக் கலைக்காமல் காப்பாற்றிக் கொடுத்தது.

2016இல் ஐபோன் 7 வந்தபோது ஹெட்போன் துளையை எடுத்துவிட்டார்கள். ஐபாட் டச்சிலோ அந்தத் துளை கடைசிவரை இருந்தது. 2019இல் ஏழாம் தலைமுறை வந்தது; அந்த வருஷமே மேக் கணினிகளில் ஐடியூன்ஸ் விடைபெற்றது. 2022 மே 10 அன்று, கையிருப்பு தீரும்வரை விற்போம், பிறகு இல்லை என்று அறிவித்தார்கள். 2001 அக்டோபரில் 5 ஜிபியோடு தொடங்கிய ஐபாட் என்ற பெயர் அத்தோடு முடிந்தது.

என்னுடையது அதற்கு வெகுமுன்பே போய்விட்டது. பேட்டரி உப்பித் திரையை மேலே தூக்கிவிட்டது. கணினியும் மாறியது. அந்தப் பட்டியல்கள், குறிப்புக் கட்டத்தில் நான் நிரப்பிய பாடலாசிரியர் பெயர்கள், ஓடிய கணக்குகள் எதுவும் என்னிடம் இல்லை. பாட்டுகள் எல்லாம் இன்று போனில் கிடைக்கின்றன, கேசட்டைவிடத் தெளிவாகவே. அப்பாவும் போனில்தான் கேட்கிறார். பாதிப் பாட்டில் விளம்பரம் வருகிறது, அடுத்ததாக அவர் கேட்காத ஏதோ ஒன்று ஓடுகிறது. மாதச் சந்தா கட்டும் செயலியில் நான் சேர்த்துவைத்த ஒரு படத்தின் பாட்டுகள் ஒருநாள் சாம்பல் நிறமாகி, தொட்டாலும் ஒலிக்காமல் போயின. யாரோ யாருடனோ செய்த ஒப்பந்தம் முடிந்திருக்கும். என் வீட்டு டின்னிலிருந்து ஒரு கேசட்டை அப்படி யாரும் எடுத்துப்போனதில்லை.

பழைய ஐபாட் டச் ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன். இரண்டாம் தலைமுறையாகவே இருந்தால் நல்லது. அதில் ஏறும் கடைசி மென்பொருள் 4.2.1, 2010இல் வந்தது. இன்றைய இணையப் பக்கங்கள் பெரும்பாலும் அதில் திறக்காது, புதிய செயலிகள் இறங்காது. எனக்கு அவை வேண்டாம். முப்பது முனை ஒயர் ஒன்று மேசை இழுப்பறையில் இன்னும் இருக்கிறது. பேட்டரியை மாற்றித் தருகிறவர் சென்னை ரிச்சி தெருவில் இருக்கிறார் என்று தோழி ஒருத்தி சொன்னாள். விண்டோஸ் கணினியில் ஐடியூன்ஸ் இன்னும் ஓடுகிறது. டேப் ரிகார்டரின் பெல்ட்டை மட்டும் மாற்ற வேண்டும். அப்பாவிடம் சொன்னேன். கண்ணதாசனுக்கு எத்தனை இடம் ஒதுக்குவாய் என்று கேட்டார். இருநூறு என்றேன். போதாது என்கிறார்.