அம்மா முகர்ந்து பார்த்த பீர்

பீருக்கு மார்க் போடுவது என் பொழுதுபோக்கு. இதைப் படித்ததும் சிலர் முகம் சுளிப்பீர்கள், சிலர் "கொடுத்துவைத்தவன்" என்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள், முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

நான் பெல்ஜியம் தலைநகர் பிரஸ்ஸல்ஸில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் கும்பகோணம். நம் ஊரில் ஃபில்டர் காபிக்கு எத்தனை வியாக்கியானம் உண்டோ, அத்தனையும் இங்கே பீருக்கு உண்டு. ஒவ்வொரு பீருக்கும் அதற்கென்றே தனி கிளாஸ். அந்த கிளாஸ் கழுவப் போயிருந்தால், வேறு கிளாஸில் ஊற்றட்டுமா என்று மன்னிப்புக் கேட்கிற குரலில் கேட்பார்கள். பெல்ஜியத்தின் பீர் கலாசாரத்தை 2016-ல் யுனெஸ்கோ தன் பாரம்பரியப் பட்டியலிலேயே சேர்த்துவிட்டது.

வந்த புதிதில் ஆபீஸ் நண்பர் ஒருவர் சனிக்கிழமை மாலைக் கூட்டம் ஒன்றுக்குக் கூட்டிப் போனார். எட்டு பேர். நடுவில் பெரிய பாட்டில்கள், ஆளுக்குச் சின்ன கிளாஸ். குடிப்பதைவிட முகர்வதுதான் அதிகம். மொத்தம் 50 மார்க். மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, ருசிக்கு 20, வாயில் எப்படி நிற்கிறது என்பதற்கு 5, மொத்த அபிப்பிராயத்துக்கு 10. உலகம் முழுக்கப் பீர் போட்டி நடுவர்கள் பயன்படுத்தும் கணக்கு இது.

முதல் நாளே என் மூக்கைப் பார்த்து அசந்துவிட்டார்கள். ஹூகார்டன் என்ற வெள்ளை பீரை நீட்டினார்கள். "இதில் மல்லி விதை இருக்கிறது, ஆரஞ்சுத் தோலும் இருக்கிறது" என்றேன். உண்மையிலேயே இரண்டையும் போட்டுத்தான் அதைக் காய்ச்சுகிறார்கள். கோதுமை பீர் ஒன்றில் வாழைப்பழமும் கிராம்பும் மணந்தன. அந்த இரண்டையும் யாரும் போடுவதில்லை, ஈஸ்ட் தானாகவே உண்டாக்கும் வாசனை அது. இன்னொன்றில் தியேட்டர் பாப்கார்ன் வெண்ணெய் வாசனை வந்தது. அது குறை, மார்க்கைக் குறைக்க வேண்டும். வெயில் பட்ட பீரில் ஒரு நாற்றம் வரும். பீர் பாட்டில்கள் பெரும்பாலும் பழுப்பு நிறத்தில் இருப்பதற்கு அதுதான் காரணம்.

"எங்கே பழகினாய்?" என்று கேட்டார்கள். "மசாலா தேசத்துக்காரன்" என்று சொல்லிச் சமாளித்தேன். அது பொய்.

நான் மூக்கைப் பழகியது எங்கள் வீட்டு வாசல்படியில். அப்பா பஸ் டிப்போவில் மெக்கானிக். அவர் சைக்கிள் சத்தம் கேட்டதும் அம்மா அடுப்படியிலிருந்து மெதுவாகச் சொல்வாள்: "போய் அப்பாகிட்ட ஒரு முத்தம் வாங்கிட்டு வா." நான் ஓடிப்போய் முத்தம் வாங்கிக்கொண்டு திரும்பி வந்து சொல்ல வேண்டும். டீசல், கிரீஸ், பீடி என்றால் பயமில்லை. அப்பா கொய்யா இலையை மென்றுவிட்டு வருவார், கிராம்பு போட்டுக்கொண்டு வருவார். அதற்கு அடியிலும் பிராந்தி எனக்குத் தெரியும். "இருக்கும்மா" என்று சொன்னால் போதும், அம்மா பணத்தை எடுத்து உளுந்து டின்னுக்குள் புதைத்துவிடுவாள். எனக்கு அவசரமாகச் சோறு போட்டுப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவாள். அன்றைய ராத்திரி எப்படிப் போகும் என்பது என் மூக்கு சொல்லும் பதிலில் இருந்தது.

அப்பா 1997-ல் மஞ்சள் காமாலை முற்றி இறந்தார். எனக்குப் பதினாறு வயது. அதற்குப் பிறகு அம்மா இட்லி மாவு அரைத்து விற்று என்னை இன்ஜினீயர் ஆக்கினாள்.

இப்படிப்பட்டவன் பீர் நோட்டு வைத்திருக்கலாமா? அந்தக் கேள்வியை எட்டு வருடமாக ஒரு பதிலால் மூடி வைத்திருந்தேன். அப்பா குடித்தது போதைக்கு, நான் குடிப்பது ருசிக்கு. நோட்டில் 412 பீர்கள் இருந்தன. எல்லாவற்றுக்கும் தமிழில்தான் குறிப்பு. கருப்பட்டி, வறுத்த எள், மழை பெய்த மண், பழைய சோற்றுத் தண்ணீர்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை வேறு. வெஸ்ட்ஃப்ளீட்டரன் என்ற கிராமத்து மடத்தில் துறவிகள் காய்ச்சும் பீர் பாட்டிலில் ரொம்ப காலம் லேபிளே இருந்ததில்லை. விவரமெல்லாம் மூடியில்தான் இருந்தது. 2005-ல் ஒரு மதிப்பீட்டு இணையதளம் அதன் '12' என்ற பீரை உலகத்திலேயே முதலிடத்தில் வைத்ததும் மடத்து வாசலில் கார் வரிசை நின்றது. துறவிகள் அதற்காக உற்பத்தியைக் கூட்டவில்லை. மடத்துச் செலவுக்குப் போதும் என்று இருந்துவிட்டார்கள். முன்பதிவு செய்து, கார் நம்பரைச் சொல்லி, கொடுக்கிற அளவை வாங்கிவர வேண்டியிருந்தது. எனக்கு அவர்களை ரொம்பப் பிடிக்கும். 'போதும்' என்று ஒரு வியாபாரி சொல்லி நான் கேட்டதில்லை.

ஓர்வால் மடத்துப் பீரில் மீன் படம் இருக்கும், மீன் வாயில் ஒரு மோதிரம். மட்டில்டா என்ற பிரபு வம்சத்துப் பெண்மணியின் கல்யாண மோதிரம் ஊற்றுநீரில் விழுந்துவிட, அவர் பிரார்த்தனை செய்ய, ஒரு மீன் வந்து கொடுத்ததாம். இதை அம்மாவிடம் போனில் சொன்னபோது, "இது சகுந்தலை கதைடா" என்றாள். அந்த மீன் எந்த பாட்டிலில் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை.

போன வருடம் பிப்ரவரிக் கடைசியில் அம்மா மூன்று மாத விசாவில் வந்தாள். நோட்டைப் புத்தக அலமாரியின் உச்சிக்கு ஏற்றினேன். சனிக்கிழமை கூட்டத்துக்கு 'ஆபீஸ் மீட்டிங்' என்று பெயர் வைத்தேன். என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் இருப்பதை நான் எப்போதும் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது சனிக்கிழமை. கூட்டத்தில் ஒருவருக்குப் பிறந்தநாள். சின்ன கிளாஸ் கணக்கெல்லாம் முடிந்த பிறகு ரோஷ்ஃபோர் 10 திறந்தார்கள். அதுவும் மடத்துப் பீர்தான். உலர்திராட்சை, அத்திப்பழம், கருப்பட்டி எல்லாம் கலந்த மணம். ஆளுக்கு இரண்டு பாட்டில். நடை தள்ளாடவில்லை, பேச்சு குழறவில்லை. டிராம் பிடித்து வீட்டுக்கு வந்தேன்.

கதவைத் திறந்ததும் என் மகள் ஓடி வந்தாள். எட்டு வயது. "அப்பா, முத்தம்!" என்று கழுத்தைக் கட்டிக்கொண்டு கன்னத்தை நீட்டினாள். கொடுத்தேன். உடனே சமையலறைக்குத் திரும்பி ஓடினாள். இரண்டடி ஓடியவள் நின்று, "அப்பாயி வாங்கிட்டு வரச் சொன்னாங்க" என்று சிரித்தாள்.

ஷூவைக் கழற்றக் குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டேன்.

உள்ளேயிருந்து அம்மாவின் குரல்: "என்ன வாசனை கண்ணு?"

"கேக் மாதிரி, அப்பாயி. கிஸ்மிஸ் கேக்."

"சரி. நீ போய்ச் சாப்பிடு."

மகள் தூங்கிய பிறகு அம்மா சமையல் மேடையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். நானும் ஒன்றுவிடாமல் சொன்னேன். நோட்டைக்கூட இறக்கிக் காட்டினேன். "இது பிராந்தி இல்லம்மா, பீர். அதுலயும் இது சாமியாருங்க செய்றது. ருசி பார்த்து மார்க் போடுறோம், அவ்வளவுதான்." யுனெஸ்கோவையும் இழுத்தேன்.

அம்மா யுனெஸ்கோவைக் கண்டுகொள்ளவில்லை. மாவுக்கடை நடத்தியவள், கணக்கு கேட்டாள். "உங்க அப்பா வாங்குற குவார்ட்டர்ல சாராயம் எவ்வளவு? நீ குடிச்சதுல எவ்வளவு?"

போனை எடுத்துக் கணக்குப் போட்டேன். குவார்ட்டர் 180 மில்லி, நம் ஊர் பிராந்தியில் 42.8 சதவிகிதம். சுத்தமான ஆல்கஹால் 77 மில்லி. ரோஷ்ஃபோர் 10 ஒரு பாட்டில் 330 மில்லி, 11.3 சதவிகிதம். ஒன்றில் 37 மில்லி சொச்சம். இரண்டில் 74.6.

வித்தியாசம் மூன்று மில்லிகூட இல்லை. அதற்கு முன் குடித்த சின்ன கிளாஸ்களைச் சேர்த்தால் நான்தான் அதிகம்.

எட்டு வருடத்தில் 412 பீருக்கு 50-க்கு இத்தனை என்று மார்க் போட்டிருக்கிறேன். இந்தக் கூட்டல் ஒருமுறைகூடத் தோன்றவில்லை. அம்மா எதுவும் சொல்லாமல் விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கப் போனாள். அதைவிட அவள் திட்டியிருக்கலாம். மனைவி மட்டும் இருட்டில் சொன்னாள்: "அத்தை ஒரே நாள்ல கேட்டுட்டாங்க. எனக்கு எட்டு வருஷமா வாய் வரல."

அடுத்த வாரம் அம்மாவே கேட்டாள். "நீ போற இடம் ஒண்ணு காட்டு. அதுல அப்படி என்னதான் இருக்குன்னு பாக்கணும்."

பாருக்கு அவளைக் கூட்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. பிரஸ்ஸல்ஸ் மிடி ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் கான்டியோன் இருக்கிறது. 1900-ல் ஆரம்பித்த குடும்ப மதுக்கூடம், 1978 முதல் மியூசியமும் கூட. அங்கே போனோம்.

அம்மா சேலைமேல் ஸ்வெட்டர், அதன்மேல் கோட், தலையில் மஃப்ளர் சகிதம் உள்ளே நுழைந்தாள். மரப் பீப்பாய்கள், இருட்டு, உத்தரத்தில் ஒட்டடை. "வெள்ளிக்கிழமைகூடத் தட்ட மாட்டாங்களா?" என்றாள். வேண்டுமென்றேதான் விட்டுவைத்திருக்கிறார்கள். பழ ஈக்கள் பீப்பாய்க்கு வந்தால் பீர் கெடும், சிலந்திகள் அவற்றைப் பிடித்துக்கொள்ளும். அம்மா அதை ஒத்துக்கொண்டாள்.

மாடியில் ஒரு பெரிய செம்புத் தொட்டி இருக்கிறது. அகலம் அதிகம், ஆழம் குறைவு. கோதுமையும் முளைகட்டிய பார்லியும் சேர்த்துக் காய்ச்சிய கஞ்சியை ராத்திரி முழுக்க அதில் திறந்து வைத்து ஆறவிடுவார்கள். ஈஸ்ட் சேர்ப்பதில்லை. காற்றிலும் மரத்திலும் இருக்கிற நுண்ணுயிர்கள் தாமாகவே விழுந்து புளிக்கவைக்கும். அதனால் குளிர்மாதங்களில் மட்டும்தான் காய்ச்சல், வெயில் காலத்தில் கெட்ட கிருமி சேர்ந்துவிடும். பிறகு பீப்பாயில் வருடக்கணக்கில் தூங்கும். ஒரு வருடத்தது, இரண்டு வருடத்தது, மூன்று வருடத்தது என்று கலந்து பாட்டிலில் அடைத்தால் அதற்குப் பெயர் கூஸ்.

அதுவரை சும்மா வந்துகொண்டிருந்த அம்மாவின் முகம் மாறியது. "நம்ம மாவு மாதிரிடா" என்றாள். "நானும் என்ன ஈஸ்ட்டா போட்டேன்? கையும் காத்தும்தான். மார்கழியில பொங்கவே பொங்காது, சித்திரையில ரெண்டு மணி நேரத்துல புளிச்சுத் தள்ளும். இவங்க அதுக்குத்தான் குளிர்ல வைக்கிறாங்க." பிரஸ்ஸல்ஸ் வந்ததிலிருந்து அவளுக்கு மாவு பொங்காத கவலை. ஓவன் விளக்கைப் போட்டு உள்ளே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் தொட்டியைச் சுற்றி அவள் நடந்ததைப் பார்த்தால், தொழில் தெரிந்த ஒருவர் இன்னொருவர் பட்டறையைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

கடைசியில் ருசி பார்க்கக் கொடுப்பார்கள். என் கிளாஸை அம்மா வாங்கினாள், குடிக்க அல்ல. மூக்கருகே கொண்டுபோனாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"கெட்டது இல்ல. புளிச்சது. கழுநீர்ப் பானை, எலுமிச்சைத் தோல், கொஞ்சம் மாட்டுத் தொழுவம்."

நிபுணர்கள் புத்தகம் எழுதிச் சொல்வதை ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். இந்தவகை பீருக்கு அவர்கள் எழுதுகிற வார்த்தை, குதிரைமேல் போர்த்திய கம்பளி. அம்மா மாட்டோடு நின்றாள், அவ்வளவே வித்தியாசம்.

"எப்படி இருக்கும்மா?"

"வாசனை நல்லாத்தான் இருக்கு. அதான் பயமா இருக்கு" என்று கிளாஸைத் திருப்பிக் கொடுத்தாள்.

அங்கே உட்கார்ந்துதான் அதைச் சொன்னேன். ரொம்ப நாளாகத் தொண்டையில் இருந்தது. எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது ஒருநாள், முத்தம் கொடுத்த அப்பா காதோடு "அம்மாகிட்ட சொல்லாதடா" என்று கையில் ஒரு கடலைமிட்டாய் வைத்தார். நான் உள்ளே போய் "ஒண்ணும் இல்லம்மா" என்றேன். அன்று அம்மா பணத்தை ஒளித்துவைக்கவில்லை. என் ஸ்கூல் ஃபீஸ் போயிற்று, அம்மாவின் வளையல் உடைந்து மணிக்கட்டில் கீறியது. அந்தத் தழும்பு இப்போதும் இருக்கிறது.

"அன்னிக்கு நான் பொய் சொல்லிட்டேம்மா."

"தெரியும்."

"எப்படி?"

"உன் வாயில கடலைமிட்டாய் வாசனை வந்துச்சே."

"அப்புறம் ஏன் பணத்தை ஒளிக்கல?"

அம்மா மஃப்ளரைச் சரிசெய்துகொண்டாள். "ஒருநாளாவது புள்ள சொல்றது உண்மையா இருக்கட்டுமேன்னு பாத்தேன்."

நான் அந்த கிளாஸை முடிக்கவில்லை. 413-வது பீர், நோட்டில் குறிப்பு அம்மாவுடையது, மார்க் கட்டம் காலி.

குடியையே விட்டுவிட்டேன் என்று எழுதினால் இந்தக் கட்டுரை இன்னும் நன்றாக இருக்கும். விடவில்லை. நோட்டில் புதிதாக ஒரு கட்டம் போட்டிருக்கிறேன், எத்தனை மில்லி ஆல்கஹால் என்று. அந்தக் கட்டம் வந்த பிறகு சனிக்கிழமைகள் பாதியாகிவிட்டன. மகளிடம் முத்தம் கொடுப்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். அவளை யாரும் அனுப்ப வேண்டாம்.

அம்மா ஊருக்குப் போய்விட்டாள். சனிக்கிழமை இரவு தவறாமல் போன் வரும். நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது.

"எத்தனை?"

"ஒண்ணு."

"எவ்வளவு மில்லி?"

"இருபது."

"மிட்டாய் எதுவும் தின்னியா?"

"இல்லம்மா."

"சரி. மோர் குடிச்சிட்டுப் படு."