எனிட் அம்மாள் வீட்டுச் சங்கதி

அன்புள்ள வசந்திக்கு,

உன் பெண் பள்ளி நூலகத்திலிருந்து ‘ஃபேமஸ் ஃபைவ்’ கதைகளை எடுத்துவந்து, சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் விரித்துவைத்துப் படிக்கிறாள் என்று எழுதியிருந்தாய். இந்த எழுத்தாளரைப் பற்றி ஊரில் ஏதேதோ சொல்கிறார்களே, படிக்க விடலாமா என்றும் கேட்டிருந்தாய். எனிட் பிளைட்டன் வீட்டுச் சங்கதி என்றால் எனக்கு வாய் சும்மா இருக்காது என்று தெரிந்தே கேட்கிறாய்! சரி, அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்.

முதலில் அப்பா கதை. 1897இல் லண்டனில் பிறந்த எனிடுக்கு அப்பா தாமஸ் என்றால் உயிர். பூவையும் பறவையையும் புத்தகத்தையும் காட்டிக்கொடுத்தவர் அவர்தான். மகளுக்குப் பதின்மூன்று வயதாகும் சமயத்தில், அந்த மனிதர் வேறொரு பெண்ணோடு குடித்தனம் நடத்தப் போய்விட்டார். அம்மா என்ன செய்தார் தெரியுமா? அக்கம்பக்கத்தில் யாராவது விசாரித்தால், அப்பா வெளியூர் போயிருக்கிறார் என்று சொல்லும்படி பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்தாராம். இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள். வேண்டாததைக் கதை சொல்லி மறைக்கும் வித்தையை எனிட் கற்றது அந்த வீட்டில்தான் என்பது என் கட்சி.

பிறகு பார், அம்மாளின் கைவரிசையை! ‘பாப்ஸ்’ என்று ஒரு செல்ல நாய். ஆசிரியர்களுக்கான ஒரு பத்திரிகையில் அந்த நாயே கடிதம் எழுதுவது போல் எனிட் எழுதிவந்தார். பிள்ளைகள் காத்திருந்து படித்தார்கள். 1935இல் நாய் செத்துப்போயிற்று. கடிதங்கள் நின்றனவா? இல்லையே! செத்த நாய் இன்னும் பல வருடம் வாராவாரம் கடிதம் எழுதியது.

நாய்க்கு மரணம் இல்லை. புருஷனுக்கோ இருந்த தடமே இல்லை. 1924இல் ஹ்யூ போலக்கைக் கல்யாணம் செய்துகொண்டார். எனிடின் புத்தகங்களைப் போட்ட பதிப்பகத்திலேயே ஆசிரியராக இருந்தவர் ஹ்யூ. இரண்டு பெண்கள் பிறந்தார்கள். 1942இல் விவாகரத்து, 1943இல் கென்னத் என்ற அறுவை மருத்துவரோடு மறுமணம். அதன்பின் பெற்ற அப்பாவைப் பெண்களால் பார்க்கவே முடியவில்லை. 1952இல் வந்த சுயசரிதையைப் புரட்டிப் பார். குடும்பத்தில் அப்பா என்று இருப்பவர் கென்னத். ஹ்யூ என்ற மனிதர் அதில் பெயருக்குக்கூட இல்லை. 1950இல் தன்னைப் பெற்ற தாய் இறந்தபோது எனிட் சாவுக்கும் போகவில்லை.

மகள்கள் கதை இன்னும் வேடிக்கை. சின்னவள் இமோஜென் 1989இல் ஒரு நினைவு நூல் எழுதி, அம்மாவுக்குத் தாய்மை என்பதே கிடையாது என்கிற அளவுக்குப் போட்டு உடைத்தார். மூத்தவள் ஜில்லியனோ, அன்பான, நியாயமான அம்மா என்றே கடைசிவரை சொன்னார். ஒரே வீடு, ஒரே தாய்! நம் சொந்தக்காரர்கள் வீட்டுக் கல்யாணத்தில் உட்கார்ந்து கேட்பது போல இல்லை?

ஆனால் வசந்தி, வம்பு பேசும் வாயாலேயே இதையும் சொல்ல வேண்டும். வாழ்க்கையில் பலரைக் காயப்படுத்திய அந்த வித்தைதான் புத்தகத்தில் வரமாயிற்று. அங்கே அவர் மறைத்தது பெரியவர்களை. முதல் ‘ஃபேமஸ் ஃபைவ்’ கதையில் ஜூலியன், டிக், ஆன் மூவரின் அப்பா அம்மா முதல் காரியமாக ஸ்காட்லாந்துக்குக் கிளம்பிவிடுகிறார்கள். பிள்ளைகளைச் சித்தப்பா வீட்டுக்கு அனுப்பினால், அவர் ஆராய்ச்சியில் மூழ்கிக் கதவைச் சாத்திக்கொள்கிறார். ஜார்ஜினா என்று கூப்பிட்டால் திரும்பியே பார்க்காத ஜார்ஜ் என்ற பெண்ணிடம் ஒரு தீவே இருக்கிறது. கூட டிம்மி என்ற நாய். படகை எப்போது எடுப்பது, எங்கே படுப்பது, யாரை நம்புவது என்று எல்லாவற்றையும் பிள்ளைகளே தீர்மானிக்கிறார்கள். பத்து வயதுப் பெண்ணுக்கு இதைவிடப் பெரிய சொத்து என்ன எழுதிவைக்க முடியும்? ஜார்ஜ் வேறு யாருமில்லை, தான்தான் என்று பின்னாளில் எனிடே ஒப்புக்கொண்டார்.

அப்புறம் அந்தச் சாப்பாடு! அந்தப் புத்தகம் வந்த வருடம் 1942, உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். பிரிட்டனில் 1940இல் ஆரம்பித்த ரேஷன் 1954வரை நீடித்தது. சர்க்கரை, வெண்ணெய், முட்டை, இறைச்சி எல்லாமே அளந்துதான். அந்த நேரத்தில் இந்த அம்மாள் ஹாமும் அவித்த முட்டையும் கேக்கும் ஜிஞ்சர் பியருமாகப் பக்கம் பக்கமாகப் பந்தி போட்டார். ஜிஞ்சர் பியரைக் கண்ணால்கூடக் காணாத நாமே லெண்டிங் லைப்ரரிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு எச்சில் ஊறினோம் என்றால், அந்தப் பிள்ளைகளுக்கு எப்படி இருந்திருக்கும்!

எழுதிய வேகத்தைக் கேட்டால் மயக்கம் வரும். மடியில் சின்ன டைப்ரைட்டர், ஒரு நாளைக்கு ஆறாயிரம் முதல் பத்தாயிரம் வார்த்தைகள். கண்ணை மூடிக்கொண்டால் பாத்திரங்கள் திரையில் போல நடமாடுவார்கள், நான் பார்த்து எழுதுகிறேன், அவ்வளவுதான் என்று பீட்டர் மெக்கெல்லர் என்ற உளவியலாளருக்கு விளக்கியிருக்கிறார். மொத்தம் 700க்கும் மேற்பட்ட புத்தகங்கள். இத்தனையும் இவர் ஒருவரே எழுதவில்லை என்று வதந்திகூடக் கிளம்பியது. அம்மாள் வழக்கறிஞரை ஏவிவிட்டார்.

படித்த மேதைகளுக்கு அவரைப் பிடிக்கவே இல்லை. பிபிசி 1930களிலிருந்து பல வருடங்கள் அவரை வானொலியில் அண்டவிடவில்லை. இலக்கியத் தரம் போதாதாம். இதைச் சொல்லும் பிபிசி உள்குறிப்புகள் 2009இல் வெளியே வந்தன. நூலகர்கள் சிலர் அலமாரியிலேயே இடம் தரவில்லை. அதே காலத்தில் பிள்ளைகள் வரிசையில் நின்று வாங்கினார்கள்.

நீ கேள்விப்பட்ட குறைகள் கட்டுக்கதை இல்லை. மறைக்கத் தெரிந்தவருக்கு, தன் வட்டத்துக்கு வெளியே இருப்பவர்களைப் பார்க்கத் தெரியவில்லை. வில்லன்கள் பெரும்பாலும் அந்நியர்கள், ஜிப்சிகள், கொச்சையாகப் பேசும் ஏழைகள். முகம் கறுப்பு என்பதற்காக மற்ற பொம்மைகள் ஒதுக்கிவைத்த ஒரு பொம்மை, மழையில் கறுப்பு கரைந்து முகம் வெளுத்த பிறகே ஏற்றுக்கொள்ளப்படும் கதை ஒன்று உண்டு. நம் நிறத்துப் பிள்ளைகள் அதைப் படித்தால் என்ன நினைக்கும்? காலம் மாறியதால் வந்த கோபம் என்றும் தள்ளிவிட முடியாது. 1960இலேயே மேக்மில்லன் பதிப்பகம், வெளிநாட்டுக்காரர்களைப் பற்றிய பார்வை சரியில்லை என்று ஒரு கையெழுத்துப் பிரதியைத் திருப்பி அனுப்பியது. போதாக்குறைக்கு, குகையில் தங்கினால்கூடப் பாத்திரம் கழுவுவது ஆன்தான்.

பதிப்பாளர்கள் பல இடங்களைத் திருத்தியிருக்கிறார்கள். அவர் எழுதிய ‘நோடி’ கதைகளில் இருந்த கறுப்புப் பொம்மைகள் போய்க் குட்டிப் பூதங்கள் வந்தன. அது சரியான காரியம். ஆனால் 2010இல் ‘ஃபேமஸ் ஃபைவ்’ பிள்ளைகளின் பழைய பேச்சை இந்தக் காலத்துப் பேச்சாக மாற்றிப் பார்த்தார்கள். வாசகர்களுக்குப் பிடிக்கவில்லை, 2016இல் பழைய பேச்சே திரும்பிவிட்டது.

என் தீர்ப்பு இது: மனுஷியாக நமக்கு ஒத்துவராதவர், கதைசொல்லியாக அசல். தாராளமாகப் படிக்க விடு. திருடன் ஏன் எப்போதும் வெளியூர்க்காரனாகவே இருக்கிறான், ஆன் மட்டும் ஏன் பாத்திரம் தேய்க்கிறாள் என்று அவளே ஒருநாள் வந்து கேட்பாள். அன்றைக்கு மழுப்பாமல் பதில் சொல். அதுவரை அவள் படிக்கும்போது பக்கத்தில் போய் நிற்காதே.

உன் அன்புத் தோழி,
கல்யாணி